சுவர்க்கூட்டின் பொருட்டு

கவுஞ்சியில் தேனீக்கள் தாமதமாகத்தான் எழுந்திருக்கும். விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடும் என்று பள்ளிப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் ஊர்க் குளிரில் அது நடக்காது. எதிர்மலையில் வெயில் இறங்கி, பூண்டு வயலின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, எங்கள் வீட்டுச் சுவரைத் தொட எட்டரை மணி ஆகும். அதுவரை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அடையின் மேல் கம்பளி போர்த்தியதுபோலக் கிடக்கும். விரலை வைத்தால்கூட நகராது. லேசாக முனகும், அவ்வளவுதான்.

இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது மேடம். என் கணவர் ராஜமுருகன் இறந்தது காலை ஏழு மணிக்கு முன்னால். தேனீக்கள் தாமாகக் கலைந்து அவரைக் கொட்டிவிட்டன என்று போன வாரம் போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அது தவறு. நீங்கள் கீழ்நாட்டுக்காரர், அதனால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. இந்த மலையில் தேனீ வளர்க்கிற யாராவது அதைப் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் பொய் என்று சொல்லியிருப்பார்கள்.

நேற்றுச் செய்தித்தாளில் ‘கொலைகாரத் தேனீக்கள்’ என்று போட்டிருந்தார்கள். என் கொழுந்தன் சின்னச்சாமி ஊரைக் கூட்டி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருபத்திரண்டு பெட்டிகளையும் எரித்துவிட்டு, வீட்டுச் சுவருக்குள் இருக்கிற கூட்டையும் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை. அதனால்தான் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்து, உங்களிடம் தாள் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். செய்யாத குற்றத்துக்கு யாரையும் தண்டிக்கக் கூடாது.

நான் அட்டுவம்பட்டியில் பிறந்தவள். பெயர் மகாதேவி, வயது நாற்பத்து நான்கு. கல்யாணமாகிக் கவுஞ்சிக்கு வந்தபோது எனக்கு இருபது. ராஜமுருகன் வீட்டில் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். எனக்கு மண்வேலை பிடிக்கவில்லை, அதை அவர் குறையாகச் சொன்னதும் இல்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானலில் பெண்களுக்கு மூன்று நாள் தேனீப் பயிற்சி நடந்தது. போய்ப் பார் என்று அனுப்பியதே அவர்தான்.

அந்தப் பயிற்சியில் ராணித்தேனீ பறந்து போகாமலிருக்க அதன் இறகைக் கத்தரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டும், புகை போட்டு மயக்கித் தேன் எடுக்க வேண்டும் என்றார்கள். சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். நான் அதை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். உள்ளே இருந்த பதினான்கு பெண்களும் சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். அவர்கள் முகங்கள் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கின்றன.

நான் வேறு மாதிரி வளர்த்தேன். அடை கட்ட மரச்சட்டம் கிட்டம் எதுவும் செருகாத வெறும் மரப்பெட்டி. அடையை அவை தம் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளும். பிரிந்து போக நினைக்கிற கூட்டத்தைத் தடுக்க மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை, வைகாசியில், அவற்றுக்குப் போக மிச்சமிருக்கிறதை மட்டும் எடுப்பேன். மிச்சமில்லை என்றால் எடுக்க மாட்டேன். மூடியைத் திறக்குமுன் விரலால் மெதுவாகத் தொட்டுக் காதை வைத்துக் கேட்பேன். முனகல் இதமாக இருந்தால் திறப்பேன். இரைச்சலாக இருந்தால் அன்றைக்கு எனக்கு அங்கே சோலி இல்லை.

தொழில் வளர்ந்தது அவரால்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. பாட்டிலுக்குச் சீட்டு எழுதி ஒட்டியது, கொடைக்கானல் கடைகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது, போனில் வருகிற ஆர்டருக்குப் பதில் சொன்னது எல்லாம் அவர். சுற்றுலா வருகிறவர்களைக் கூட்டிவந்து சுவர்க்கூட்டைக் காட்டுவார். வீட்டை எடுத்துக் கட்டியபோது, கிழக்கு அறையின் கல்சுவரில் ஒரு முழ நீளத்துக்குப் பொந்து விடச்சொல்லி நான் கொத்தனாரிடம் கேட்டிருந்தேன். வெளிப்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். அறைக்குள் கைப்பிடி வைத்த ஒரு பலகை, அதைத் தூக்கினால் அடை தெரியும். நான் எதையும் பிடித்து வைக்கவில்லை. கட்டி முடித்த பங்குனியில் ஒரு கூட்டம் தானாக வந்து குடியேறியது. ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

“எங்க வீட்டு மொதலாளிங்க சொவத்துக்குள்ள இருக்காங்க. நாங்க வாடகைக்குத்தான் இருக்கோம்” என்று அவர் வந்தவர்களிடம் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. அவர் சொன்னது சரிதானே.

ஊரில் என்னை யாருக்கும் பிடிக்காது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். காரணம் சின்னச்சாமி. எங்கள் மேல்படியை ஒட்டி அவர் பீன்ஸ் போட்டிருந்தார். பூத்து நிற்கிற செடிக்கு, நல்ல வெயிலில் மருந்து அடித்தார். சாயங்காலம் பெட்டிகளுக்கு முன்னால் இறந்து கிடந்தவற்றை முறத்தில் வாரினேன். இரண்டு படி இருந்தது. அடுத்த வாரம் அவர் மகளுக்குச் சடங்கு. பந்தியில் இலை போட்டிருந்தபோது அந்த முறத்தைக் கொண்டுபோய், சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த முதல் வரிசையில் இலைக்கு ஒரு கை வீதம் வைத்துக்கொண்டே போனேன். அவர் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

“மதினி, ஒங்களுக்குப் புத்தி பெசகிருச்சா” என்று அவர் கத்தினார். அந்தப் பெண் அழுதாள். என் கணவர் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வழியில், “சின்னப்புள்ள விசேசத்துல இப்படிச் செஞ்சுட்டியே மகா” என்றார். பெட்டிகளுக்கு முன்னால் கிடந்தவையும் சின்னவைதான் என்றேன். அன்று முதல் அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அவர்தான் பின்வாசல் வழியாகப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மாசியில் அவரைக் கழுத்தில் ஒன்று கொட்டியது. அதற்கு முன்பும் எத்தனையோ தடவை கொட்டியிருக்கிறது. கொட்டின இடத்தைத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, அப்படியே வாசலில் சரிந்துவிட்டார். பூண்டு ஏற்ற வந்த வேனில் போட்டுக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். தேனீ வளர்க்கிற வீடுகளில் இப்படி ஆவது உண்டாம். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் பட்டு, ஒருநாள் உடம்பு ஒத்துக்கொள்ள மறுத்துவிடுமாம். எனக்கு ஆகவில்லை, அவருக்கு ஆகிவிட்டது.

“இனி ஒண்ணு கொட்டுனாலும் இவருக்கு ஆபத்துதாம்மா. அடுத்த தடவ இவ்வளவு நேரம் கெடைக்காது” என்றார் டாக்டர்.

“வேற எங்கயாச்சும் மாத்தி வைக்கிறதுதான் வழியா டாக்டர்?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா. எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.”

நான் பெட்டிகளைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் கேட்டது என் கணவரைப் பற்றி. திருத்தவேண்டும் என்று தோன்றவில்லை.

எங்கள் மகள் சௌம்யா திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். லீவு போட்டு வந்து, அவசரத்துக்குப் போடுகிற ஊசியை எப்படிப் போடுவது என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். கமலா ஆரஞ்சு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவர் குத்திக் குத்திப் பழகினார். இரண்டு குப்பி மருந்து, இரண்டு ஊசி, ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள். பகலில் அது அவர் சட்டைப் பைக்குள் இருக்கும். தூங்கும்போது தலைமாட்டில்.

ஊருக்குப் போகுமுன் சௌம்யா அடுப்படியில் என்னிடம் வந்து, “அம்மா, அப்பாவா தேனீயா, ஒண்ணச் சொல்லு” என்றாள்.

ஒரு பக்கம் ஒரு ஆள், இன்னொரு பக்கம் இருபத்துமூன்று கூட்டம். அப்படிக் கேட்பதே நியாயமில்லை என்று அவளுக்கு விளங்க வைக்க எனக்கு அப்போது நேரமில்லை.

அதற்கப்புறம் பதினோரு மாதம் அவர் அந்த வீட்டில் இருந்தார். முழுக்கைச் சட்டை, காதுவரைக்கும் மப்ளர். கிழக்கு அறைப் பக்கம் போவதை விட்டுவிட்டார். வெயில் ஏறினால் வெளியே வர மாட்டார். ஜன்னலில் கொசுவலை அடித்துக்கொண்டார். பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலையைக் கட்டிலிலேயே உட்கார்ந்து செய்தார். மனுஷன் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தன் வீட்டில் ஒரு பூச்சிக்குப் பயந்து ஒருவர் இப்படி நடமாடினால், அந்தப் பூச்சியைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். வந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துவிட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வரவே யோசித்தார்கள்.

இரண்டு தடவை என்னிடம் கேட்டார். “மகா, பெட்டிய அட்டுவம்பட்டியில ஒங்க அண்ணன் தோட்டத்துக்கு மாத்திருவமா? நீ பஸ்ஸுல போய்ப் பாத்துட்டு வா. நானே வந்து பஸ் ஏத்தி விடுறேன்.” நான் பெட்டிகளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். கேட்டும் பார்த்தேன். மூடியில் காதை வைத்தபோது எல்லாப் பெட்டியிலும் இரைச்சலாக இருந்தது. விருப்பமில்லை என்று வந்து சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, “சரி” என்றார்.

மூன்றாவது தடவை என்னைக் கேட்கவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. கொடைக்கானல் கடைகளில் பாட்டில் போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா மன்னவனூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நாளைக்குப் பெட்டியெல்லாம் ஒட்டன்சத்திரத்துக்குப் போகுதாம்ல. முருங்கத் தோட்டத்துக்காரரு வெள்ளனே வண்டி அனுப்புறாராம். சின்னச்சாமிதான் பேசி முடிச்சிருக்கான். போகட்டும் தாயி. ஒம் புருசன் உசுரு பெருசுல்ல.”

“ஆமாக்கா” என்றேன்.

“ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்க்கா.”

முருங்கைத் தோட்டத்தில் பெட்டி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெக்கை. பூ முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர். ஒன்றை இரண்டாகவும் இரண்டை நான்காகவும் பிரிப்பார்கள். பஸ் கவுஞ்சிக்கு வந்து சேர்வதற்குள் என் மனம் தெளிந்துவிட்டது. கோபம் என்று சொல்ல முடியாது. செய்ய வேண்டிய வேலை ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழையுமுன் சுற்றிப் பார்த்தேன். பெட்டி வாசல்களைச் சின்னச்சாமி கம்பிவலை வைத்து அடைத்திருந்தார். அதில் காற்றுப் போகும். சுவர்க்கூட்டு வாசலைக் களிமண் வைத்து அப்பியிருந்தார். மண் ஈரமாக இருந்தது. கொண்டையில் இருந்த ஊசியை எடுத்து, மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு துளை மட்டும் போட்டேன்.

முழுக்க எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் அவை வழக்கம்போல அமைதியாக இருந்திருக்கும்.

சாதமும் பீன்ஸ் குழம்பும் வைத்தேன். சௌம்யா போன் பண்ணினாள் என்றும், பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள் என்றும் அவர் சொன்னார். சாப்பிடும்போது இரண்டு தடவை எதையோ சொல்ல வந்து, தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தார். நானும் காத்திருந்தேன். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் மனம் மாறியிருப்பாயா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்துப் பார்த்தேன். மாறியிருக்க மாட்டேன். அவர் சொல்லாமல் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

காலையில் ஆறரைக்கு எழுந்தேன். அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டிலிருந்த டப்பாவை எடுத்து மடியில் சொருகிக்கொண்டேன். அரிசிப் பானைக்குள் அது கிடந்ததாகவும், அவரே மறதியாக வைத்திருப்பார் என்றும் நான் சொன்னது தவறு. பானைக்குள் பிறகு நான்தான் போட்டேன்.

அவரைத் தொட்டு எழுப்பி, “ஏங்க, கெழக்குச் சொவத்துல வாசல யாரோ அடைச்சிட்டாங்க. உள்ள எல்லாம் மூச்சு முட்டிச் சாகுதுங்க” என்றேன்.

பனியனோடு எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி அப்படியே தெரிந்தது. “மன்னிச்சுரு மகா. நேத்தே சொல்லணும்னு இருந்தேன். வண்டி ஏத்துறப்ப கலையக்கூடாதுன்னு சின்னச்சாமிதான் அடச்சான். சொவத்துல இருக்கிறத ஏன் அடச்சான்னு தெரியல. அத நம்ம எடுக்க வேண்டாம்னுதான் சொல்லியிருந்தேன். அது ஒன்னோடதுன்னு சொன்னேன்.”

“ஒத்தக் கையால முடியல. டார்ச்ச மட்டும் வந்து பிடிங்க.”

“நான் அங்க வரக்கூடாதே.”

“இந்தக் குளுருல ஒண்ணும் பறக்காதுங்க. ஒங்களுக்கே தெரியும்ல.”

அவருக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அவரே அதை விளக்கியிருக்கிறார். தலைமாட்டில் கையால் துழாவினார். “டப்பா எங்க” என்றார். என்னிடம் இருக்கிறது என்று மடியைத் தொட்டுக் காட்டினேன். அப்படியா என்று தலையாட்டிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். அவை சாகக்கூடாது என்றுதான் வந்தார். அதை நான் மறுக்கவில்லை.

பலகையைத் தூக்கினேன். டார்ச் வெளிச்சத்தில் அவை அடை முழுக்கக் கறுப்பாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அடைபட்ட எரிச்சலில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஆனாலும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் மேடம். திறந்துவிட்ட பிறகும், முன்னால் ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டு நின்ற பிறகும், அவை வரவில்லை. அவருக்கும் அவற்றுக்கும் எந்தப் பகையும் இல்லை.

“உசுரோடதான இருக்கு” என்றார் அவர். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

நான் அடையின் மேல் என் உள்ளங்கையால் அடித்தேன். முதல் அடிக்கு இரைந்தன. இரண்டாவது அடியில் அடை பிளந்து தேன் கசிந்தது. பதின்மூன்று வருஷத்தில் நான் ஒரு கூட்டை அடித்தது அதுதான் முதல் தடவை. நான்கு தடவை அடித்தேன். பிறகு பலகையை அவர் காலடியில் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டேன். அவர் திகைத்துப்போய் நின்றதால் எனக்குப் போதுமான நேரம் இருந்தது.

அவர் கதவை இடித்தது மூன்று நான்கு தடவைதான். கத்தவில்லை. கத்தினால் இன்னும் கலையும் என்று அவருக்குத் தெரியும். “மகா” என்றார். பிறகு, “மகா, டப்பா” என்றார்.

டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். “அசையாம நில்லுங்க. அசையலேன்னா ஒண்ணும் செய்யாதுங்க” என்றேன். பார்க்க வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற வார்த்தைதான். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

சௌம்யா பெயரை ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அடுப்பில் போட்டிருந்த வெந்நீர் கொதிப்பதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

நான் வெளியே போய்ச் சுவர் வாசலில் இருந்த களிமண்ணைக் குச்சியால் பெயர்த்து எடுத்தேன். எட்டரைக்கு வெயில் வந்தது. அறைக்குள் கலைந்து திரிந்தவை வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக அடைக்குத் திரும்பி, வாசல் வழியாக வெளியே போயின. அதுவரை கதவைத் திறக்கவில்லை. உடனே ஆளைக் கூப்பிட்டிருந்தால் எல்லோரும் ஓடிவந்து மிதித்திருப்பார்கள். எல்லாம் அடங்கியபின் உள்ளே போய்ப் பலகையை எடுத்து மாட்டினேன். அவர் கம்பி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி இருந்தார். தரையில் இறந்து கிடந்தவற்றையும், அவர் மேல் கிடந்தவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு துணியில் கட்டி, பிளம்ஸ் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். கை கழுவினேன். ஒன்பது மணிக்குத்தான் கருப்பம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். அப்போது நான் அழுதது நிஜம்.

ஒட்டன்சத்திரத்து வண்டி ஒன்பதரைக்கு வந்தது. மலைப்பாதையில் மூட்டமாம், அதனால் தாமதம் என்றார் டிரைவர். வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார். காலி வண்டியோடு திரும்பிப் போனார்.

காரியம் முடிந்த அன்று சௌம்யா என்னிடம், “டப்பா எப்பவும் தலமாட்டுலதானம்மா இருக்கும்” என்றாள். அன்றைக்கே துணிமணிகளை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இதை அவளிடம் நீங்கள் காட்டலாம். அவள் நியாயம் தெரிந்த பிள்ளை, படித்தால் புரிந்துகொள்வாள். அவள் அப்பா இருபத்திரண்டு குடும்பங்களை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்தார். நான் ஒருவரைத்தான் அனுப்பினேன்.

நான் கொலைகாரி என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ராஜமுருகனைக் கொன்றது நான். திட்டமிட்டு, கதவைப் பூட்டி, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொன்றேன். யாரும் எனக்கு உதவவில்லை. தேனீக்களும் உதவவில்லை. அதனால் சின்னச்சாமியிடம் இன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள், பெட்டிகளில் கை வைக்க அவருக்கு உரிமை கிடையாது. சுவர்க்கூட்டில் அடை பிளந்திருக்கிறது. அவையே சரிசெய்துகொள்ளும். யாரும் பரிதாபப்பட்டுச் சர்க்கரை வைக்க வேண்டாம்.

இன்னும் ஒரு திருத்தம். பிரேதப் பரிசோதனையில் முப்பத்தைந்து கொடுக்குகள் எடுத்ததாகச் சொன்னீர்கள். நான் புதைத்தது முப்பத்தேழு. அடிக்கும்போது இரண்டு என் உள்ளங்கையில் கொட்டின, தழும்பு இன்னும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். கொட்டின தேனீ பிழைக்காது. அடைக்குள் சூடாகப் படுத்துக் கிடந்தவற்றை நான்தான் அடித்து எழுப்பினேன். பாவம் செய்யாத முப்பத்தேழு உயிர் என் கையால் போயிருக்கிறது. அதற்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்கிறேன்.